வட்டத்துக்குள் ஒரு கூட்டல்

அத்தியாயம் 3

திருடிய இடத்தில் திருடன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான் என்று நம்புகிற இன்ஸ்பெக்டர் ஒருவர் வாய்த்துவிட்டால், துப்பறிகிறவர்களுக்கு வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை.

"இது கையெழுத்தேதான் சார்," என்று சுவரைக் காட்டினார் இன்ஸ்பெக்டர்.

மில் முதலாளி வீட்டு வரவேற்பறையை ஒட்டிய சின்ன அறை அது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. நேற்று வரை அதற்குள் பழைய வயலின் ஒன்று, வில்லோடு நின்றது. இன்று வில் மட்டும் நின்றது. பெட்டிக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் கறுப்பு மார்க்கரால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி. கூட்டலின் நான்கு கைகளும் வட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. போதாததற்குக் கீழே இடது பக்கத்துக் கட்டத்தில் ஒரு புள்ளி.

"எனக்கு இது நாலா வெட்டின கேக் மாதிரி இருக்கு," என்றான் கையில் ஒரு கேக் பெட்டியோடு நின்ற அவசரம்.

அவசரம் என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். அவனுடைய அக்கா கணவருக்கு நிதானம் என்று பெயர் விழுந்த அன்றே இவனுக்கும் இது விழுந்துவிட்டது. இருவரும் சேர்ந்து நடத்துகிற துப்பறியும் நிலையத்தில் யோசிப்பது அத்தான், பேசுவது மச்சினன். சம்பளமும் இதே விகிதத்தில் பிரிவதுதான் அவசரத்துக்குத் தீராத மனக்குறை.

"உனக்கு எதைப் பார்த்தாலும் தின்கிறதுதான் தெரியும்," என்றார் நிதானம். "இன்ஸ்பெக்டர், இது யாரோட கையெழுத்துன்னு சொல்றீங்க?"

"இந்த வீட்டுத் தோட்டத்துல வகுப்பெடுக்கற வயலின் டீச்சரோடது. என் பொண்ணு கீபோர்டு கத்துக்கறா சார். அவ புஸ்தகத்துல இதே படம் இருக்கு. கோடான்னு பேராம். வாசிச்சுக்கிட்டே வந்து, இது வந்ததும் ஒரே தாவா கடைசிப் பகுதிக்குத் தாவிடணுமாம். வீட்டுக்காரங்க எல்லாம் நேத்து கல்யாணத்துக்குப் போன நேரமாப் பார்த்து இந்தம்மா வயலினோட தாவிட்டாங்க."

"தாவினவங்க எங்க இருக்காங்க?"

"வெளியே வராந்தாவுல உக்காந்திருக்காங்க."

"தூரமாத் தாவலை போலிருக்கே," என்றான் அவசரம். இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்த பார்வையில் நாலு கேக் வெந்திருக்கும்.

நிதானம் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தரையைப் பார்த்தார். மூலையில் குந்தி உட்கார்ந்து, சுவரோரம் ஒதுங்கியிருந்த தூசிக் குவியலைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு அவசரத்தின் கையிலிருந்த கேக் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த வட்ட அட்டையை உருவி, சுவரில் இருந்த குறியைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டார்.

"அத்தான், அதுல இன்னும் கிரீம் ஒட்டியிருக்கு."

"நக்கிக்கோ. அப்புறம் குடு."

"போட்டோ எடுத்துக்கலாமே சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போட்டோவுக்கு நாலு மூலை இருக்கும்," என்றார் நிதானம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவசரத்துக்கும் புரியவில்லை, இன்ஸ்பெக்டருக்கும் புரியவில்லை. இருவரும் புரிந்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"காலையில நீங்க வந்ததிலேருந்து இந்த அறைக்குள்ள யார் யார் வந்தாங்க?"

"வீட்டுப் பெரியவர், முதலாளிதான் முதல்ல பார்த்தார். உடனே எனக்குப் போன். நான் வந்து பூட்டிட்டேன். அவர், நான், இப்ப நீங்க ரெண்டு பேர். வேற ஈ காக்கா நுழையலை. சாயங்காலம் மில்லுலேருந்து பெரியவர் வந்ததும் புகார்ல கையெழுத்துப் போடுவார். டீச்சரை அழைச்சுக்கிட்டுப் போயிடுவேன்."

சாயங்காலம் வரைதான் நேரம் என்றால், அத்தான் நடக்கிற நடைக்கு அது வாசல் கேட்டைத் தாண்டவே போதாது என்று அவசரம் நினைத்தான்.

நல்லவேளையாக வாசலில் கார் இருந்தது. கார்க்காரர் இந்த வீட்டு மருமகன். கட்டடக் காண்ட்ராக்டர். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் வீட்டிலேயே இருப்பவர். உட்காரும்போதுகூட நாற்காலி நுனியில்தான் உட்காருவார். துப்பறிகிறவர்கள் வேண்டும் என்று இவர்களை அழைத்து வந்தவரே அவர்தான். நேற்று முழுக்க வெளியூரில் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், காலையில் வந்து பார்த்தால் அறை பூட்டியிருந்ததாகவும் சொன்னார்.

"டீச்சர் எடுத்திருக்கவே மாட்டாங்க சார். எப்படியாவது நீங்கதான் காப்பாத்தணும்," என்றார். கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து மகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறவருக்காக இப்படி உருகுகிற மனிதரை அவசரம் அன்றுதான் பார்த்தான். மனசுக்குள் ஒரு சலாம் வைத்தான்.

"இதுதான் சுவத்துல இருந்தது," என்று அட்டையை நீட்டினார் நிதானம். "உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

மருமகன் வாங்கினார். ஸ்டீயரிங்கைத் திருப்புகிறமாதிரி அதை அரைவட்டம் திருப்பினார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் தோணலை சார். இதுக்கு அர்த்தமே கிடையாது. சும்மா ஏதோ கிறுக்கல்."

"அப்படியா?" என்று அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார் நிதானம்.

வராந்தா பெஞ்சில் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கொட்டகையில்தான் டீச்சர் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வகுப்பெடுக்கிறார். இன்றும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வாத்தியப் பெட்டியும் கையுமாகக் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்களைக் கொண்டுவிட வந்த அப்பா அம்மாக்கள் போக மனசில்லாமல் கம்பிகளுக்கிடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பார்க்கறாங்கன்னு தெரியுதா?" என்றார் டீச்சர். "என் பொழப்பே அந்தப் பிள்ளைங்கதான் சார். திருடின்னு ஒரு தடவை காதுல விழுந்துட்டா, எந்த அம்மா என்கிட்ட பிள்ளையை அனுப்புவா?"

நிதானம் அட்டையை நீட்டினார். இந்தத் தடவையும் புள்ளி மேலே வலது பக்கம் இருக்கும்படியாகவே நீட்டினார். டீச்சர் அதை அப்படியே வாங்கிப் பார்த்தார்.

"கோடா. நான் ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கறது. இதுவா சுவத்துல இருந்தது?"

"இந்தப் புள்ளி?"

"அது தெரியலை. கோடாவுல புள்ளியெல்லாம் கிடையாது. உங்க பேனா கசிஞ்சிருக்கும்." திருப்பிக் கொடுத்தார். "திருட வர்றவ தன் பேரை எழுதிட்டா போவா? அந்த இன்ஸ்பெக்டரோட அறிவுக்கு அவர் பொண்ணு கீபோர்டு கத்துக்கறது ரொம்ப நல்லது."

"அந்த வயலினை நீங்க வாசிச்சிருக்கீங்களா?"

"தொட விட்டாத்தானே? இந்த வீட்டுல அது வாத்தியம் இல்லை சார், வசதி. வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு. தந்தியெல்லாம் தொய்ஞ்சு தொங்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்."

காருக்குத் திரும்பும்போது அவசரம் மெதுவாகச் சொன்னான்: "வயிறு எரியுதுன்னு வாயாலயே சொல்லிட்டாங்க அத்தான். எரியற வயிறு எதையும் செய்யும்."

"உன் வயிறு எரியும்போது என்ன செய்வே?"

"மோர் குடிப்பேன்."

"வண்டியில ஏறு."

டிக்கியில் குடையைப் போடலாம் என்று அவசரம் பின்னால் போனான். மருமகன் அவனுக்கு முன்னால் ஓடி வந்தார். பூட்டு கெட்டுப்போயிருக்கிறது, திறக்க வராது, குடையை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொன்னார். பின்சீட்டில் முழ நீளத்துக்குக் கட்டடப் பிளான் சுருள்கள் குவிந்து கிடந்தன. அவசரம் அவற்றை ஒதுக்கிப் பார்த்தான், முடியவில்லை. மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடந்த வாரம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு மாற்றிய எலக்ட்ரீஷியனின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அவர் கடைக்குள் இருந்தார் என்று சொல்வதைவிட, கடையை உடம்பில் மாட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். கழுத்தில் ஒயர் சுருள், காதில் பென்சில், வாயில் இரண்டு ஸ்குரூ. அட்டையைப் பார்த்ததும் ஸ்குரூவைத் துப்பினார். அட்டையைச் சாய்த்துப் பிடித்தார். கூட்டல் இப்போது பெருக்கல் ஆகியிருந்தது.

"விளக்கு," என்றார். "ஒயரிங் படத்துல விளக்கு வர்ற இடத்துக்கு இதைத்தான் போடுவோம். ஆனா கோடு வட்டத்தை விட்டு வெளியே வரக்கூடாது. இது புதுசா வேலைக்கு வந்த எவனோ போட்டிருக்கான்."

"புள்ளி?"

"ஈ உக்காந்திருக்கும் சார்."

"இது மில்காரர் வீட்டுல திருட்டுப் போன இடத்துல, சுவத்துல இருந்துச்சு," என்றான் அவசரம், குரலை இறக்கி.

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த அட்டை சட்டென்று மறுபடியும் கூட்டல் ஆயிற்று. "இப்பப் பார்த்தா விளக்கு மாதிரியே இல்லை சார். இது எங்க லைன் கிடையாது. ஏதோ கணக்கு வாத்தியார் சமாச்சாரம். கூட்டல் தெளிவாத் தெரியுது பாருங்க!"

அடுத்தது அச்சகம். மில்லின் ஆண்டு விழா மலருக்காகப் போன மாதம் அந்த வயலினைப் படம் எடுத்துக்கொண்டு போனவர் அச்சகக்காரர். இயந்திரங்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கேட்டது எதுவும் அவர் காதில் விழவில்லை. அட்டையைப் பார்த்தார், கண் பளிச்சிட்டது. இவர்களை இழுத்துக்கொண்டு போய் அப்போதுதான் அடித்து முடித்த ஒரு பெரிய தாளை விரித்தார். தாளின் ஓரங்களில் இதே குறி. வட்டம், கூட்டல், வெளியே நீட்டிய கைகள், எல்லாம் அச்சாக.

"நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரணும்ல, அதுக்கு அடையாளம். உக்காரலைன்னா படத்துல இருக்கறவருக்கு ரெண்டு மூக்கு வந்துடும்," என்று கத்தினார். "வேலை முடிஞ்சதும் இந்த ஓரத்தை வெட்டி எறிஞ்சிடுவோம். புஸ்தகம் வாங்கறவன் இதைப் பார்க்கவே மாட்டான்."

"புள்ளி எதுக்கு?" என்று நிதானமும் கத்தினார்.

அச்சகக்காரர் நகத்தால் புள்ளியைச் சுரண்டினார். "மை தெறிச்சிருக்கு. எங்க அடிச்சீங்க? மட்டமான வேலை."

அவசரம் இங்கேயும் விஷயத்தைச் சொன்னான். அச்சகக்காரர் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்க குறி இன்னும் மெல்லிசா இருக்கும் தம்பி. இது துப்பாக்கி வச்சிருக்கறவங்க குறி பார்க்கற மாதிரியில்ல இருக்கு? போலீஸ்காரங்களை விசாரிங்களேன்!"

மறுபடி கார். மருமகன் ஓட்டினார். அவசரத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அத்தான், இதுவரைக்கும் கணக்குப் போட்டா, பாட்டுப்படி டீச்சர், கரண்ட்படி எலக்ட்ரீஷியன், மைப்படி அச்சகக்காரர், குண்டுப்படி இன்ஸ்பெக்டரே. ஒரே ஒரு வயலினைத் தூக்க இத்தனை பேர் சேர்ந்திருக்காங்க. பாண்டு வாத்தியக் கோஷ்டியே வச்சிருக்கலாம்."

"இன்ஸ்பெக்டரை விடு. மீதி மூணு பேரும் நல்லவங்க மாப்ளே."

"எப்படிச் சொல்றீங்க?"

"மூணு பேரும் அவங்கவங்க தொழிலை அதுல பார்த்தாங்க. தன் தலை மேல வந்து விழும்னு தெரியாம, பார்த்ததை வெள்ளந்தியாச் சொன்னாங்க. பொருந்தாத புள்ளியைக் கசிவுன்னாங்க, ஈன்னாங்க, தெறிச்சதுன்னாங்க. மனுஷன் அப்படித்தான். ஒரு குறியைக் கண்டா அர்த்தம் இல்லாம விடமாட்டான். அர்த்தத்துக்கு இடைஞ்சலா இருக்கறதைத் துடைச்சுப் போட்டுடுவான்." நிதானம் முன்சீட்டில் இருந்தபடியே அட்டையை விசிறிக்கொண்டார். "சார், கொஞ்சம் அந்த மரத்தடியில நிறுத்துங்க."

கார் நின்றது. அடுத்த திருப்பத்தில் மில்காரர் வீடு. வெயில் சாய்ந்திருந்தது.

"இதைக் கொஞ்சம் பிடிங்க," என்று அட்டையை மருமகனிடம் நீட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப்போகிறவர்போல. இந்தத் தடவை புள்ளி மேலே இடது பக்கம் இருந்தது. மருமகன் வாங்கினார். விரல்கள் அட்டையைக் கால்வட்டம் திருப்பின. புள்ளி கீழே இடது பக்கம் வந்ததும் விரல்கள் நின்றன.

நிதானம் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை.

"காலையிலயும் இதையே செஞ்சீங்க," என்றார். "அப்ப நான் தலைகீழா குடுத்தேன், அரைவட்டம் திருப்பினீங்க. இது வட்ட அட்டை சார். எது மேல், எது கீழ்னு அட்டைக்கே தெரியாது. சுவத்துல அந்தப் புள்ளி கீழ இடது பக்கம் இருக்குன்னு தெரிஞ்சவங்க பெரியவர், இன்ஸ்பெக்டர், நாங்க ரெண்டு பேர். அப்புறம் அதை வரைஞ்சவர்."

பின்சீட்டிலிருந்து அவசரம் எட்டி அட்டையைப் பார்த்தான்.

"தற்செயலாத் திருப்பியிருப்பேன் சார்..."

"இருக்கலாம். அதனாலதான் ரெண்டாவது தடவை குடுத்தேன். அதையும் விடுங்க. காலையில நீங்க சொன்ன பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இதுக்கு அர்த்தமே கிடையாதுன்னீங்க. இன்னிக்கு நாங்க பார்த்த அத்தனை பேர்ல அப்படிச் சொன்னவர் நீங்க ஒருத்தர்தான். மாப்ளே, நீ உக்காந்திருக்கியே, அதை எடுத்து விரி."

அவசரம் எழுந்து, நசுங்கிப்போன ஒரு பிளானை உருவி விரித்தான். காகிதம் முழுக்க வரிசை வரிசையாக வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு கூட்டல்.

"ஐயோ," என்றான்.

"தூண் வர்ற இடம், இல்லையா சார்? காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நீங்க பார்க்கறது இதைத்தான். எலக்ட்ரீஷியனுக்கு விளக்காத் தெரிஞ்சது உங்களுக்குத் தூணாத் தெரிஞ்சிருக்கணும். தெரியலை. ஏன்னா, வரையும்போதே இதுக்கு எந்த அர்த்தமும் வந்துடக்கூடாதுன்னு நினைச்சு வரைஞ்சிருக்கீங்க. அர்த்தம் இல்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஆள், போட்ட ஆள்தான்."

மருமகன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஹாரன் ஒரு தடவை அலறி ஓய்ந்தது.

"வயலினைத் தூக்கிட்டு வில்லை விட்டுட்டுப் போற திருடனை நான் பார்த்ததில்லை," என்று நிதானம் தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை. "திருடிட்டுத் தரையைப் பெருக்கிட்டுப் போற திருடனையும் பார்த்ததில்லை. அதுவும் வாசப்பக்கம் தள்ளாம, மூலைக்கு மூலை ஒதுக்கியிருக்கு. துடைப்பத்தை ஜென்மத்துல தொடாதவர் பெருக்கினது. எதையாவது உடைச்சவன்தான் பெருக்குவான். எங்க சார் இருக்கு? டிக்கியிலயா?"

பூட்டு கெட்டுப்போகவில்லை. டிக்கி நன்றாகவே திறந்தது. உள்ளே ஒரு துவாலை. துவாலைக்குள் கழுத்து ஒடிந்த வயலின், பிளந்த வயிற்றோடு கிடந்தது. காலையிலிருந்து அதைக் கூடவே ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் அதைத் தேடியிருக்கிறோம் என்பது அவசரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"நேத்து ராத்திரி நான் சீக்கிரமே திரும்பிட்டேன் சார்," என்றார் மருமகன். "வீட்டுல யாருமில்லை. இத்தனை வருஷமா அதே வீட்டுல இருக்கேன், அந்தப் பெட்டியை ஒரு தடவை திறந்ததில்லை. சாவி எங்க இருக்கும்னு தெரியும். எடுத்துத் தோள்ல வச்சு, நிலைக்கண்ணாடியில பார்த்தேன். அவ்வளவுதான். கை நழுவிக் கீழ விழுந்துடுச்சு."

"சரி, உடைஞ்சது. இந்தக் குறி எதுக்கு?"

"சும்மா காணாமப் போனா வீட்டு ஆள்னு சந்தேகம் வரும்ல? கதையிலெல்லாம் மர்மமா ஒரு குறி இருக்கும். யாருக்கும் பொருந்தாத மாதிரி ஒண்ணு போடணும்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். வட்டம் போட்டேன், கூட்டல் போட்டேன், இன்னும் குழம்பட்டும்னு புள்ளியும் வச்சேன். அது போயும் போயும் டீச்சர் தலையில வந்து விழும்னு யாருக்குத் தெரியும்? மனசு கேக்கலை சார். அதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"டீச்சரைக் காப்பாத்தணும், உங்களைக் கண்டுபிடிக்கக் கூடாது. அந்த அளவுக்கு மட்டும் துப்பறியணும்," என்றான் அவசரம். "அத்தான், இனிமே போர்டுல எழுதி வச்சிடலாம். பாதித் துப்பும் துலக்கப்படும்."

மருமகன் நிதானத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியூர்த் திருடன்னு சொல்லிடுங்க சார். டீச்சர் தப்பிச்சிடுவாங்க. மாமா கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்லமாட்டேன்," என்றார் நிதானம். அந்த முகத்தில் உயிர் வருவதைப் பார்த்துவிட்டுப் பிறகு சொன்னார்: "நீங்க சொல்லுவீங்க. வண்டியை எடுங்க. பெரியவர் வந்திருப்பார்."

பெரியவர் வந்திருந்தார். வராந்தா மேஜையில் புகார்த் தாள், கையில் திறந்த பேனா. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் டீச்சர் அதே நிமிர்வோடு இருந்தார், ஆனால் மடியில் கோத்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கேட்டுக்கு வெளியே கூட்டம் காலையில் இருந்ததைவிடப் பெருத்திருந்தது.

மருமகன் துவாலையை மேஜையில், புகாரின் மேலேயே வைத்துப் பிரித்தார். "நான்தான் மாமா," என்றார். மீதியையும் சொன்னார். தொடங்கும்போது திக்கினார், முடிக்கும்போது திக்கவில்லை.

 இடி விழப்போகிறது என்று அவசரம் ஒரு தூணின் பக்கமாக நகர்ந்துகொண்டான். பெரியவர் ஒடிந்த கழுத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"தோள்ல வச்சுப் பார்த்தியா?"

"ஆமா மாமா."

"சரியா உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சு மாமா. கொஞ்ச நேரம்."

"எனக்கு உக்காரவே இல்லை," என்றார் பெரியவர்.

அதற்கு மேல் அவர் மருமகனை ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, டீச்சர் இருந்த திசையில் ஒரு சல்யூட் மாதிரி எதையோ அடித்தார். பெண் போலீஸ் எழுந்து வழிவிட்டார். பெரியவர் டீச்சரைப் பார்த்துத் தலையைக் கொஞ்சமாக ஆட்டினார். மில்லில் ஆயிரம் பேர் அந்தத் தலையசைப்பை வைத்தே அவர் மனசைப் படித்துவிடுவார்கள். விஷயம் முடிந்தது, போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"தலையை ஆட்டினா எனக்குப் புரியலைங்க," என்றார். "காலையிலேருந்து ஒரு குறிக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லித்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்கீங்க. இதுக்கும் நானே அர்த்தம் கண்டுபிடிச்சுக்கணுமா? வாயைத் திறந்து சொல்லுங்க."

பெரியவரின் முகம் சிவந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார்.

"தப்பு எங்க மேலதான்," என்றார் பெரியவர், மேஜையைப் பார்த்து. "மன்னிச்சிடும்மா."

"எனக்குக் கேட்டுடுச்சு. அங்க நிக்கறவங்களுக்குக் கேக்கலை," என்று டீச்சர் கேட்டைக் காட்டினார். "திருடின்னு அவங்களுக்குக் கேக்கற மாதிரிதானே சொன்னீங்க?"

பெரியவர் டீச்சரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார் என்றே அவசரம் நினைத்தான். ஆனால் பெரியவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். படி இறங்கி, தோட்டத்தைக் கடந்து, கேட்டைத் தானே திறந்தார். கூட்டம் பின்வாங்கி நின்றது. அவர் ஒரு தடவை முணுமுணுப்பாகச் சொன்னார். கனைத்துவிட்டு இரண்டாவது தடவை உரக்கச் சொன்னார்: "டீச்சர் எதையும் எடுக்கலை. நாங்கதான் அவங்க மேல அபாண்டமாப் பழி போட்டுட்டோம். எல்லார் முன்னாடியும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

அவசரத்துக்கு வழக்கம்போல ஒரு ஜோக் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டான். அவனுக்குக் கண் கரித்தது.

டீச்சர் தன் வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இன்னிக்கு வகுப்பு இருக்கா டீச்சர்?"

"ஏன் இல்லாம? இருக்கு. ஆனா இனிமே இங்க இல்லை. என் வீட்டுல," என்றார் டீச்சர். பிறகு பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். "உங்க பேத்தியையும் அனுப்புங்க. அவ நல்லா வாசிக்கறா."

பிள்ளைகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டீச்சருக்குப் பின்னால் தெருவில் நடந்தார்கள். பெரியவர் திறந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய தலை பழக்கதோஷத்தில் ஆடப் பார்த்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சரிம்மா," என்றார், வாயைத் திறந்து.